பிடித்த படத்தைப் பற்றி எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறைய படம் பார்க்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில், பார்த்ததைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றும். ஆசையாக உட்கார்ந்தால் 'செம படம்' என்பதைத் தாண்டி ஒரு வரி நகராது. அப்படி நின்றுபோனவர்கள் கேட்கிற கேள்விகளையும், பல வருடங்களாக நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். படம் பார்ப்பதைப் போலவே அதைப் பற்றி எழுதுவதும் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

எழுத உட்கார்ந்தால் 'அருமை', 'சூப்பர்', 'மனதைத் தொட்டது' தவிர வேறு வார்த்தை வரவில்லை. என்ன செய்வது?

முழுப் படத்தையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் கண்ணுக்கு என்ன தெரிந்தது, காதில் என்ன விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். நன்றாக இருந்ததா இல்லையா என்ற பேச்சே வேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1955இல் வந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. முக்கியமான ஒரு மரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலின் அடுத்த மூன்று பத்திகளை விட்டுவிட்டு, பார்த்தபின் திரும்பி வாருங்கள்.

மழையில் நனைந்து காய்ச்சல் கண்ட துர்கா இறந்துவிடுகிறாள். வேலை தேடி வெளியூர் போன அப்பா ஹரிஹரனுக்கு அது தெரியாது. பல மாதம் கழித்து வீடு திரும்பியவர், வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியில் மகளுக்கு என்று வாங்கிய சேலையைக் கொடுக்கிறார். அதுவரை இறுகிப்போய் நின்றவள் அந்தச் சேலையை முகத்தோடு அழுத்திக்கொண்டு உடைகிறாள். வாய் திறந்திருக்கிறது, ஆனால் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற, வில் போட்டு வாசிக்கும் வாத்தியம் உச்ச ஸ்தாயியில் ஒலிக்கிறது. ஒரு தாயின் அழுகையை எடுத்துவிட்டு அங்கே வாத்தியத்தை வைத்திருக்கிறார் ராய்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு காட்சி. அக்கா போனபிறகு சிறுவன் அப்பு தானே பல் தேய்க்கிறான், தானே தலை வாருகிறான், வெளியே கிளம்புகிறான். வானத்தைப் பார்க்கிறான். திரும்பி வீட்டுக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான். வசனம் கிடையாது. மழையில் நனைந்ததால் அக்காவை இழந்த பையன் குடை எடுக்கிறான்.

இதை எழுதும்போது 'அருமை' என்று எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? படிக்கிறவருக்கு அந்தக் குடை போதும். உங்களுக்குப் பிடித்த படத்திலும் இப்படி ஒரு குடை நிச்சயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வரை எழுதத் தொடங்காதீர்கள்.

கதைச் சுருக்கம் எவ்வளவு எழுதலாம்?

நாலைந்து வரி. யார், எந்தச் சிக்கலில் இருக்கிறார் என்பது புரிந்தால் போதும். பக்கம் முழுக்கக் கதை சொல்லிவிட்டுக் கடைசியில் 'பார்க்கலாம்' என்று முடிக்கிற விமர்சனத்தை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். அதில் படமும் இல்லை, எழுதியவரும் இல்லை.

முடிவைச் சொல்லலாமா? ஸ்பாய்லர் விஷயத்தில் எங்கே கோடு போடுவது?

புதுப் படமாக இருந்தால் சொல்லாதீர்கள். பழைய படமாக இருந்தால், சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டி ஒரு வரி எழுதிவிட்டுச் சொல்லுங்கள். இதுதான் நான் கடைப்பிடிக்கிற முறை. முடிவைத் தொடாமல் ஒரு படத்தை ஆழமாகப் பேச முடியாது, அதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அதனால் பார்க்காதவர்களுக்கு ஒன்று, பார்த்தவர்களுக்கு ஒன்று என இரண்டு விதமாக எழுதிப் பழகுவது நல்லது.

எல்லாத் தகவலும் ஸ்பாய்லர் ஆகிவிடாது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தின் தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் விழுகிறார். கதாநாயகன் சாகிறான் என்ற செய்தியைப் படமே முதலில் போட்டு உடைத்துவிடுகிறது. யார் சுட்டது, ஏன் சுட்டது, அவன் எப்படிப்பட்டவன் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது சாவைச் சொல்வதில் தவறில்லை, 'யார்' என்பதைத்தான் காப்பாற்றவேண்டும். படம் எதை ஒளித்துவைத்திருக்கிறதோ அதை நாமும் ஒளித்துவைப்போம்.

(பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படமும் அதுதான். பாட்டு இல்லை என்பது படம் முடிந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. படத்தின் இறுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.)

ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாமா, இரண்டு தடவை பார்க்கவேண்டுமா?

இரண்டும் வேறு வேறு எழுத்து. முதல் தடவை பார்த்துவிட்டு எழுதுவதில் சூடு இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றத்தோடு பார்த்த அனுபவம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அது ஆறுவதற்குள் எழுதிவைத்துவிடவேண்டும். இரண்டாவது தடவை கதை தெரியும் என்பதால் கண் விடுதலையாகிவிடுகிறது. பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்ப்போம். அறையின் ஓரத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம். முதல் காட்சியில் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வசனத்துக்கு அப்போதுதான் அர்த்தம் தெரியும். பிடித்த படம் என்று ஒன்றைச் சொல்லி எழுதுவதாக இருந்தால் இரண்டாவது தடவை கட்டாயம் பாருங்கள் என்பேன்.

அதற்கு இன்னொரு காரணம், நினைவு நம்மை ஏமாற்றும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தின் கடைசியில் மகன் வீட்டைவிட்டுப் போவான், அம்மா கதவைச் சாத்துவாள். அந்தக் கதவு சாத்தப்படும் சத்தத்தைப் பற்றி நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நண்பர்களிடம் பலமுறை விவரித்திருக்கிறேன். ஒன்பது வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது அவள் கதவைச் சாத்தவே இல்லை. திறந்த கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், படம் முடிகிறது. சத்தம் எதுவும் கிடையாது.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதியது தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஏன் அந்தக் கதவைச் சாத்தினேன் என்ற கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்த காலத்தில் நானே வீட்டைவிட்டுக் கிளம்பியவன். திரும்பிப் போக முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைப் படத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. இப்போது நோட்டில் இரண்டு குறிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பழையதை அடிக்க மனம் வரவில்லை.

படம் ஓடும்போதே குறிப்பு எடுக்கலாமா?

முதல் தடவை வேண்டாம். குனிந்து எழுதுகிற நேரத்தில் நல்ல ஷாட் ஒன்று போய்விடும். முடிந்ததும் யாரிடமும் பேசுவதற்கு முன்னால், போனைத் திறப்பதற்கு முன்னால், நினைவில் நிற்கிற ஐந்து படிமங்களை மட்டும் எழுதிவையுங்கள். வாக்கியமாகக்கூட வேண்டாம். 'மஞ்சள் பல்பு', 'செருப்பில்லாத கால்', 'சிரிப்பு பாதியில் நின்றது' என்று இருந்தால் போதும். இரண்டாவது தடவை பார்க்கும்போது தாராளமாக நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

ஒளிப்பதிவு, எடிட்டிங், இசை பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் விமர்சனம் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். தொழில்நுட்ப வார்த்தை தெரியாதது குறையே இல்லை. ஆனால் கவனிக்கப் பழகவேண்டும், அதற்குச் சில பயிற்சிகள் இருக்கின்றன. பிடித்த படத்தில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது தடவை, படம் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். சண்டைக் காட்சியில் விரல் வலிக்கும். இரண்டு பேர் மனம்விட்டுப் பேசும் காட்சியில் தட்டவே வேலை இருக்காது. எடிட்டிங் என்றால் என்ன என்று புத்தகம் படித்து வருகிற புரிதலைவிட இது ஆழமாக இறங்கும்.

சுமார் 100 வருடங்களுக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம், எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரே ஷாட். அதை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணின் படத்தோடும் தனித்தனியாக ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியைப் பார்த்தார்கள், பிறகு துக்கத்தை, பிறகு ஆசையை. முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது, மீதியைப் பார்த்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

'என்ன நடிப்பு!' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த இடத்தில் நம்மை அழவைத்தது நடிகரின் முகமா, அதற்கு முந்தைய ஷாட்டா, பின்னணி இசையா, அல்லது நம் சொந்த வாழ்க்கையா? பெரும்பாலும் நான்கும் கலந்துதான் இருக்கும். பிரித்துப் பார்க்க முயன்றாலே எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும். இரண்டரை மணி நேரப் படம் என்றால், நொடிக்கு 24 என்ற கணக்கில் 2,16,000 அசையாப் படங்கள். ஒவ்வொன்றிலும் எதை வைப்பது, எதை விடுவது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைகளில் ஒன்றையாவது நாம் கண்டுபிடித்துச் சொன்னால் அதுவே நல்ல விமர்சனம்.

எனக்குப் பிடித்த நடிகரின் படம். ரசிகனாக இருந்துகொண்டு நடுநிலையாக எழுத முடியுமா?

நடுநிலை தேவையில்லை, நேர்மை வேண்டும். முதல் வரியிலேயே 'இவர் படம் என்றால் எனக்கு உயிர்' என்று சொல்லிவிடுங்கள். படிக்கிறவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார்.

ரசிகனுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. அந்த நடிகரின் 40 படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தப் படத்தில் அவர் பழைய பழக்கத்தில் கையை ஆட்டுகிறார், எந்தப் படத்தில் முதல்முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியாளுக்குத் தெரியாது. அதை எழுதுங்கள். ஆளுயர கட்-அவுட் வைப்பதைவிட அந்த நடிகருக்குச் செய்கிற பெரிய மரியாதை அது. அப்புறம், அவர் சரியாகச் செய்யாத இடத்தை ரசிகன் சொன்னால் அதற்கு ஒரு தனி கனம் உண்டு. வருத்தத்தோடு சொல்கிறார் என்று படிக்கிறவருக்குப் புரியும்.

மதிப்பெண், நட்சத்திரம் கொடுக்கவேண்டுமா?

நான் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஐந்துக்கு மூன்றரை என்று போட்டதும் நான் எழுதிய 800 வார்த்தையும் காணாமல் போய்விடுகிறது. 'ஏன் நாலு போடவில்லை' என்பதுதான் பேச்சாகிறது. உங்கள் சொந்த நோட்டில் ஒரு அடையாளத்துக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. அப்படி வைத்தால், பார்த்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லோரும் கொண்டாடுகிற படம் எனக்கு ஒரே இழுவையாக இருந்தது. அப்படியே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் 'இழுவை' என்பதோடு நிறுத்தவேண்டாம். எந்த நிமிடத்தில் கவனம் சிதறியது, அப்போது திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, படம் உங்களிடம் என்ன எதிர்பார்த்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

மெதுவான படங்களில் இரண்டு வகை உண்டு. சொல்ல ஒன்றும் இல்லாமல் நீள்வது ஒன்று. வேண்டுமென்றே நம் மூச்சை மெதுவாக்குவது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு எனக்குத் தெரிந்த உச்சம் பெல்ஜிய இயக்குநர் ஷான்தால் அகெர்மன் 1975இல் எடுத்த 'ழான் டில்மன்'. 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வாழ்க்கை. சமைக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், படுக்கையைச் சரிசெய்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள். கேமரா நகராமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் நானும் தவித்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஓர் இடத்தில் அவள் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அதற்குள் அந்த வீட்டின் ஒழுங்கு முழுவதும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்ததால், யாரோ கத்தியை எடுத்ததுபோல் பதறினேன். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் அலைகிறாள், எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. முன்னால் ஒரு மணி நேரம் தவிக்கவிட்டிருக்காவிட்டால் இந்தப் பதற்றம் வந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு அந்தப் படம் உங்களுக்கும் பிடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிடிக்கவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் அந்த உருளைக்கிழங்கு வரை உட்கார்ந்திருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

தியேட்டரில் ஓடாத, எல்லோரும் திட்டிய படம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் ரசனையில் ஏதாவது கோளாறா?

இல்லவே இல்லை. 2003இல் 'அன்பே சிவம்' வந்தபோது வசூலில் தோற்றது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதை இன்றிருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958இல் வெளியானபோது கலவையான வரவேற்புதான் பெற்றது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 10 வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி உலகின் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்பிலும் 'சிட்டிசன் கேன்' முதலிடத்தில் இருந்தது. 2012இல் அதைக் கீழே இறக்கியது அதே 'வெர்டிகோ'. 2022இல் அதையும் தாண்டி முதலிடத்துக்கு வந்த படம் எது தெரியுமா? மேலே சொன்னேனே, உருளைக்கிழங்கு வெந்துபோகிற அந்த 'ழான் டில்மன்'. ஒரு பெண் இயக்கிய படம் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இத்தனை வருடமும் அந்தப் படங்களில் ஒரு ஷாட்கூட மாறவில்லை. பார்க்கிறவர்கள்தான் மாறினார்கள். ஆகவே கூட்டத்தோடு ஒத்துப்போகாத உங்கள் பிரியத்தை எழுதிவையுங்கள். மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதாதீர்கள். 'எல்லோருக்கும் பிடிக்காது, ஆனால்...' என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

சின்ன வயதில் உயிராக இருந்த படத்தை இப்போது பார்த்தால் உறுத்துகிறது. பிடித்த படங்களின் வரிசையில் அதை வைத்திருக்கலாமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும்.

உறுத்துவது என்ன என்று முதலில் பெயர் சொல்லி எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத்தெருவாகத் துரத்துவதைப் படம் காதல் என்கிறது. கன்னத்தில் அறைந்ததும் அவள் திருந்திவிடுகிறாள். ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ காட்டி நகைச்சுவைக் காட்சி ஓடுகிறது. சின்ன வயதில் இதற்கெல்லாம் நானும் விசில் அடித்திருக்கிறேன், கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்று அந்தக் காட்சி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மகள் என்ன நினைப்பாள் என்று மனம் போகிறது.

'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி ஒதுக்கினால் சுலபமாக முடிந்துவிடும். நான் அதை ஏற்பதில்லை. அந்தக் காலத்திலும் அப்படிச் செய்யாத படங்கள் இருந்தன, அந்தக் காலத்திலும் அந்தக் காட்சியைப் பார்த்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்கள் தியேட்டரில் இருந்திருப்பார்கள். அதே சமயம், படத்தை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு, எனக்கு எப்போதுமே அது பிடித்ததில்லை என்பதுபோல் எழுதுவதும் பொய். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தப் படத்தின் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தது நடந்த விஷயம்.

ஆகவே இரண்டையும் எழுதுங்கள். அன்று எதற்காகப் பிடித்தது, இன்று எது தாங்கவில்லை, இடையில் எனக்கு என்ன நடந்தது. இந்த மூன்றாவதுதான் கடினம், ஆனால் நல்ல எழுத்து அங்கேதான் கிடைக்கிறது. வரிசையில் வைப்பதா எடுப்பதா என்ற கேள்வி இதை எழுதி முடிக்கும்போது தானாகவே சிறிதாகிவிடும். நான் இப்படி எழுதிப் பார்த்த மூன்று படங்களில் ஒன்றை இப்போதும் பார்க்கிறேன், இரண்டைப் பார்ப்பதில்லை. அந்த இரண்டின் பாட்டுகளை மட்டும் கேட்பேன்.

நாவலிலிருந்து எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது? புத்தகத்தோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். ஆனால் 'புத்தகத்தில் இருந்த அது இல்லை, இது இல்லை' என்று கணக்கெடுப்பதில் பயனில்லை. 1979இல் வந்த மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலைத் தொட்டு எழுந்த படம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து, பார்த்தால் தெரியும், கதை வேறு வழியில் போய்விட்டது. தாயில்லாக் குழந்தைகளின் தனிமை மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. இயக்குநருக்குத் தேவைப்பட்ட விதை அதுதான் என்று நான் நினைக்கிறேன். விதை எது என்று தேடுங்கள், ஒப்பீடு சுவாரசியமாகிவிடும்.

தெரியாத மொழிப் படத்தைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு எழுதலாமா?

எழுதலாம். வசனத்தின் நயத்தைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நாம் படித்தது மொழிபெயர்ப்பைத்தான். குரலைக் கவனியுங்கள், அது மொழி தெரியாமலே கேட்கும். டப்பிங்கில் பார்த்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் பாதி நடிப்பு குரலில் இருக்கிறது, அது வேறொருவருடையது.

மற்றவர்களின் விமர்சனத்தை எப்போது படிக்கலாம்?

உங்களுடையதை எழுதி முடித்தபிறகு. முன்னால் படித்தால் அவர்களுடைய வார்த்தை நம் பேனாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு படிக்கும்போது, நாம் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்திருப்பதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

பிடிக்காத படத்தைத் திட்டி எழுதினால்தான் நிறையப் பேர் படிக்கிறார்கள். அப்படி எழுதலாமா?

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று தெளிவாக எழுதுங்கள், காரணத்தோடு. படத்தைப் பற்றிப் பேசுங்கள், எடுத்தவரின் உருவத்தையும் குடும்பத்தையும் விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைப் பிடித்த படங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். மோசமான படத்தின் குறையைக் கண்டுபிடிக்க அதிகம் பார்க்கத் தேவையில்லை, முதல் 20 நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நல்ல படம் ஏன் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியிருக்கிறது. எழுதுகிறவரின் கண் கூர்மையாவது அங்கேதான்.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

இப்போது கண்ணை மூடுங்கள். உங்களுக்குப் பிடித்த படங்களில் எந்தக் காட்சி முதலில் வந்து நிற்கிறதோ அதுதான். பெரிய படமா, உலகப் படமா, மசாலாப் படமா என்று யோசிக்கவேண்டாம். படத்தைப் போட்டுப் பார்க்காமல், நினைவிலிருந்தே அந்தக் காட்சியை ஒரு பக்கம் எழுதுங்கள். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்ன சத்தம் கேட்கிறது, காட்சி எதில் முடிகிறது. அதன்பிறகு படத்தைப் போட்டு அந்தக் காட்சியை மட்டும் பாருங்கள். எழுதியதிலிருந்து திரை எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். உங்கள் முதல் கட்டுரையை அந்த அடிக்கோடுகளில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.